மூன்றாவது கேட்சர்

யான்பு
சவூதி அரேபியா
9.2.1979, வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஜலஜாவுக்கும் நீலாக்குட்டிக்கும்,

உங்கள் இருவர் சுகத்துக்கும் பதில் போடவும். என் சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பிடுகிறேன், ஆபீஸ் போகிறேன், தூங்குகிறேன். போன கடிதத்தில் ஒன்றுமே எழுதவில்லை என்று கோபித்திருந்தாய். எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. இப்போது ஒன்று நடந்திருக்கிறது. சிரிக்காமல் படி.

நான் பேஸ்பால் ஆடப் போகிறேன்.

எங்கள் கேம்ப் சூப்பரின்டென்டென்ட் மிஸ்டர் டன்கனைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், சிவந்த கழுத்துக்காரர் என்று. அவர்தான் கம்பெனி பேஸ்பால் டீமுக்கும் மேனேஜர். ஏப்ரலில் ஜித்தாவிலிருந்தும் மற்ற கேம்ப்களிலிருந்தும் டீம்கள் வந்து ஆடும். இவர் கையில் இருக்கும் அமெரிக்கர்களில் பாதிப் பேர் எப்போது பார்த்தாலும் லீவில் ஊருக்குப் போய்விடுகிறார்கள். அதனால் இந்த வருஷம் ஆபீஸ் ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டு ஆட விட்டுப் பார்க்கிறார். இதற்கு வசந்தகாலப் பயிற்சி என்று பெயர். மணலில் பழைய இன்ஜின் ஆயிலைத் தெளித்து கெட்டிப்படுத்திய மைதானம். வசந்தம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியவில்லை.

ஆட்டம் கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம். அடிப்பவனுக்குப் பின்னால் ஒருவன் முகமூடி மாட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பந்தைப் பிடிக்க வேண்டும். அவனுக்குக் கேட்சர் என்று பெயர். அமெரிக்கர்கள் பத்து நிமிஷம் அப்படி உட்கார்ந்தால் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். நமக்கு அது தினமும் காலையில் செய்கிற வேலைதானே. நான் காலேஜில் விக்கெட் கீப்பர் வேறு. டன்கன் என்னை உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, எவ்வளவு நேரம் இப்படி இருப்பாய் என்று கேட்டார். நீங்கள் சொல்லும்வரை என்றேன்.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒருவன் ஆடுவான், அவனுக்குப் பின்னால் ஒருவன், அவனுக்கும் பின்னால் ஒருவன். இதை அவர் டீமின் ஆழம் என்கிறார். கேட்சர் இடத்துக்கு முதல் ஆள் டேல் என்ற பைப் இன்ஜினியர். இரண்டாவது இடம் காலி.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், இரண்டாவது ஆள்வரை மெயின் கேம்ப்புக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே கல்யாணமானவனுக்குக் குடும்பத்தோடு இருக்கிற டிரெய்லர் வீடு கிடைக்கும். மூன்றாவது ஆள் இருக்கிற இடத்திலேயே, பேச்சலர் கேம்ப்பில்.

அன்புடன்,
உமாபதி

*

தேரா, துபாய்
18.2.1979

அன்புள்ள அத்தானுக்கு ஜலஜாவின் வணக்கம்.

நீலாவுக்கு ஜலதோஷம் போய்விட்டது, எனக்கு வந்திருக்கிறது. மற்றபடி சௌக்கியம்.

நீங்கள் சிரிக்காதே என்று எழுதியதால்தான் அதிகமாகச் சிரித்தேன். இந்த வீட்டு மாடிப்படி ஏறி வந்தால் சோபாவில் சாய்ந்து ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பவர், முப்பத்தெட்டு வயதில் முகமூடி மாட்டிக்கொண்டு பந்து பிடிக்கிறாராம். எதிர்வீட்டுச் சந்திரகலாவிடம் சொன்னேன். அவள் தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லி, அவரும் சிரித்தார். நீலாதான் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் போய் 'மை டாடி இஸ் எ கேட்சர்' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

ஆழமாமே ஆழம். ஒருத்தருக்குப் பின்னால் ஒருத்தர் நிற்பதற்குப் பெயர் நம் ஊரில் ரேஷன் கடை.

நிஜமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பழைய ஆபீசை மூடிய பிறகு நாலு மாசம் அந்த ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்களே, கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. யான்பு போன பிறகு வந்த கடிதங்களும் அப்படித்தான். இந்தக் கடிதம் இரண்டு பக்கம். பந்தைப் பற்றி இருந்தால் என்ன, ஏதோ ஒன்றைப் பற்றி இரண்டு பக்கம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். எனக்கும் நீலாவுக்கும் விசா ஏப்ரல் இருபது வரைதான். விசாவுக்குப் பொறுப்பேற்றிருந்த பழைய கஃபீல் இனிமேல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்குள் டிரெய்லர் கிடைத்தால் அங்கே வருவோம். இல்லையென்றால் திருச்சிக்கு, அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஒரு தடவை அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் பிறகு நீங்கள் வருஷத்துக்கு ஒரு மாசம் வருகிற மனிதர் ஆகிவிடுவீர்கள். இந்தக் கட்டிடத்திலேயே அப்படி எத்தனை பேரைப் பார்க்கிறோம். எனக்கு அது வேண்டாம்.

ஆகவே நன்றாகக் குந்தி உட்காருங்கள்.

உங்கள்,
ஜலஜா

*

யான்பு
2.3.1979

அன்புள்ள ஜலஜாவுக்கு,

உன் கடிதம் எட்டாம் நாள் கிடைத்தது. நீலாவை இருமலோடு பள்ளிக்கூடம் அனுப்பாதே.

இரண்டாவது இடத்துக்கு இப்போது இரண்டு பேர்தான் மிச்சம். நானும் முகம்மது சித்தீக்கும். சித்தீக் ஸ்டோரில் வேலை பார்க்கிறான், நாகூர்க்காரன், இருபத்தாறு வயது. போன வருஷம் கல்யாணம். மனைவி ஹாலிதா ஊரில் இருக்கிறாள். நல்ல பையன். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். பிராக்டிஸ் முடிந்ததும் என் காலில் கட்டியிருக்கும் பேடுகளை அவனே கழற்றிவிடுவான். அவனும் டிரெய்லரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டு பேருக்கும் அது தெரியும். அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அவன் என்னைவிட வேகமாக எறிகிறான். நான் அவனைவிடக் குறைவாகத் தவற விடுகிறேன். யார் எந்தப் பந்தை எங்கே அடிப்பார்கள் என்பது எனக்கு மனசில் நிற்கிறது. அதனால் டன்கன் என் பக்கம் சாய்கிறார் என்று டேல் சொன்னார். பதினைந்தாம் தேதி வாக்கில் முடிவு செய்துவிடுவார்.

இடது கைக் கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. வலி தெரியவில்லை. நேற்று உன் போட்டோவையும் நீலா போட்டோவையும் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னமோ மாதிரி இருக்குமே, அப்படி. கோபித்துக்கொள்ளாதே. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது. நீங்கள் இங்கே வந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
உமாபதி

*

தேரா, துபாய்
11.3.1979

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

கோபமில்லை. ஊசி போட்ட மரப்பு விடுகிறபோதுதான் வலிக்கும். அப்போது பக்கத்தில் நான் இருக்கிறேன். எனக்கும் சில நாள் அப்படித்தான் இருக்கிறது. அப்படி இருக்கிற நாளில் பாத்திரங்களை எல்லாம் இறக்கித் தேய்த்துவிடுவேன். நம் வீட்டுப் பாத்திரம் இப்போது பளபளவென்று இருக்கிறது, அவ்வளவு சொன்னால் போதும்.

பதினைந்தாம் தேதி என்று எழுதியதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. டிரெய்லரில் எத்தனை அறை? அடுப்பு கேஸா, கரண்டா? கிரைண்டர் வைக்க இடம் இருக்குமா? நீலாவுக்கு மூன்றாம் வகுப்புப் பாடம் நானே சொல்லிக் கொடுத்துவிடுவேன், அங்கே பள்ளிக்கூடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சாமி படங்களை அங்கே கொண்டுபோனால் ஏர்போர்ட்டிலேயே எடுத்துக்கொள்வார்கள் என்று சந்திரகலா சொல்கிறாள். அதனால் படங்களை அவளிடமே கொடுத்துவிட்டு வருகிறேன். முருகன் கோபித்துக்கொண்டால் அவர் உங்களிடம் பேசட்டும்.

கீழே கடை வைத்திருக்கும் சுஐபு அண்ணன் நேற்று உங்களை விசாரித்தார். அவருடைய கணக்குப்பிள்ளை கீழக்கரைக்கே திரும்பிப் போகிறாராம். 'உமாபதி சார் இருந்தா எனக்குக் கவலையே இல்லம்மா' என்றார். அவர் யான்புவில் பந்து பிடிக்கிறார் என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

அந்த சித்தீக் பையனை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நமக்கே கிடைக்கட்டும். இப்படி நினைப்பது தப்பா என்று தெரியவில்லை, நினைத்துவிட்டேன்.

உங்கள்,
ஜலஜா

*

யான்பு
16.3.1979

அன்புள்ள ஜலஜாவுக்கு,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. நேற்று மணல் காற்று. சாப்பாட்டில் மண்.

இரண்டாவது கேட்சர் சித்தீக்.

எப்படி நடந்தது என்று எழுதிவிடுகிறேன். நேற்று பிராக்டிஸ் முடிந்ததும் டன்கன் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். 'இரண்டாவது இடம் உனக்குத்தான், டிரெய்லரும் உனக்குத்தான், எடுத்துக்கொள்கிறாயா?' என்று கேட்டார். அவர் கேட்டது இவ்வளவுதான். நான் 'நோ நோ சார், சித்தீக் இருக்கிறான், சின்னப் பையன், அவனுக்குக் கொடுங்கள்' என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்காதே. யார் வீட்டுக்குப் போனாலும் காபி சாப்பிடுகிறீர்களா என்றால் வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்போமே. அந்த மாதிரி வாயில் வந்துவிட்டது. முகத்துக்கு நேரே ஒருவர் பெரிதாக ஒன்றைக் கொடுக்கும்போது லபக்கென்று வாங்கிக்கொள்ள எனக்குப் பழக்கமில்லை. அவர் இன்னொரு தடவை கேட்பார், அப்போது சரி என்று சொல்லலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் என்னையே பார்த்தார். 'நீ நல்ல மனிதன்' என்றார். எழுந்து கை கொடுத்தார். சித்தீக்கை உள்ளே அனுப்பச் சொன்னார்.

வெளியே வந்து சித்தீக்கை அனுப்பினேன். அவன் ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டான். முகம் முழுக்கச் சிரிப்பு. நான் நடந்ததைச் சொன்னதும் அவனுக்குச் சிரிப்பு போய்விட்டது. "என்னண்ணே இப்புடிப் பண்ணிட்டிய? வெள்ளைக்காரன் ஒரு வாட்டிதான்ணே கேப்பான். நம்ம வேணாம்னா வேணாம்னுதான் அவனுக்கு. வாங்க, ரெண்டு பேரும் போயிச் சொல்லுவம். நான் விட்டுத் தாறேன்" என்று கையைப் பிடித்து இழுத்தான். எனக்குக் கால் நகரவில்லை. வேண்டாம்ப்பா, ஹாலிதாவுக்குக் கடிதம் எழுது என்று சொல்லிவிட்டு ரூமுக்கு வந்துவிட்டேன். அவனும் இரண்டாவது தடவை இழுக்கவில்லை.

டீமில் நான் இருக்கிறேன். மூன்றாவது கேட்சர். ஆழத்துக்கு ஆள் வேண்டும் என்று டன்கன் வைத்துக்கொண்டார்.

உமாபதி

*

தேரா, துபாய்
25.3.1979

அத்தானுக்கு,

கடிதத்தைப் படித்தேன். அரிசி களைந்தேன். நீலாவுக்குத் தலை பின்னினேன். அப்புறம் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பந்தியில் இலையைக் கையால் மறைத்தால், பரிமாறுகிறவர் அந்தக் கையைத் தள்ளிவிட்டு இன்னொரு கரண்டி வைப்பார். அமெரிக்கக்காரனுக்கு அது எப்படித் தெரியும்? கை மறைத்தால் போதும் என்று அர்த்தம் அவனுக்கு. பெண்டாட்டி பிள்ளை இருக்கிற வீட்டையா காபி மாதிரி வேண்டாம் என்பது? சரி, வாய் தவறிவிட்டது. திரும்பிப் போய் 'சார், எனக்கு வேண்டும்' என்று சொல்ல இருபதடி நடக்க முடியவில்லையா? அந்தப் பையன் விட்டுக் கொடுக்கிறேன் என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். அவனுக்கு இருக்கிற துடிப்புக்கூட உங்களுக்கு இல்லை.

இதுவரை எழுதியது நேற்று. கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை, நானும் இதே ரகம்தான். போன ஆகஸ்டில் அடுப்படி வாசலில் நின்று 'யான்புக்குப் போகட்டுமா?' என்று கேட்டீர்கள். நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். 'போங்க' என்றேன். இன்னொரு தடவை கேட்பீர்கள், போகாதீங்க என்று சொல்லலாம் என்று அப்பளத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் நீங்கள் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு இத்தனை நாள் அது உங்கள் தப்பு என்றுதான் தோன்றியது.

அதனால் இப்போது உபசாரம் எதுவும் இல்லாமல் கேட்கிறேன். வந்துவிடுங்கள். சுஐபு அண்ணனிடம் நானே போய்ப் பேசினேன். அந்தக் கணக்கு வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. சம்பளம் யான்பு மாதிரி இருக்காது. ஆனால் விசா அவரே எடுக்கிறார், நாங்களும் இங்கேயே இருக்கலாம். ஏப்ரல் பதினைந்துக்குள் பதில் சொல்லச் சொன்னார். அங்கே ராஜினாமா கொடுத்துவிட்டு வாருங்கள். பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. எனக்கு நீங்கள் வேண்டும். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

உங்கள்,
ஜலஜா

*

யான்பு
6.4.1979

அன்புள்ள ஜலஜாவுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அன்றே பதில் எழுதியிருக்க வேண்டும். இரண்டு தடவை படித்தேன். நீ அழுததைப் படித்தபோது எனக்கும் அழுகை வரும் என்று நினைத்தேன்.

அப்பளம் பொரித்த அன்று நீ போங்க என்றதும் எனக்குச் சுலபமாக இருந்தது. அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

இங்கே ஒரு மாற்றம். செவ்வாய்க்கிழமை பிராக்டிஸில் பந்து பட்டு சித்தீக்குக்கு வலது மோதிர விரல் முறிந்துவிட்டது. ஒன்றரை மாசம் கட்டுப் போட்டிருக்கிறார்கள், இந்த சீசனில் இனி ஆட முடியாதாம். டேல் லீவில் அமெரிக்கா போயிருக்கிறார், ஜூலையில்தான் வருவார். டன்கன் அங்கேயே, மைதானத்திலேயே என்னைப் பார்த்து, 'சீசன் முழுக்க நீ ஆடுகிறாயா?' என்று கேட்டார். நீ எழுதியதுதான் மனசில் இருந்தது. அவர் கேட்டு வாயை மூடுவதற்குள் 'எஸ் சார்' என்று சொல்லிவிட்டேன். அவருக்கே ஆச்சரியம்.

டிரெய்லர் சித்தீக் பேரிலேயே இருக்கும். ஹாலிதாவுக்கு விசா போட்டாயிற்று. அதை மாற்ற முடியாது, மாற்றச் சொல்லவும் எனக்கு மனசில்லை. சீசன் ஜூன் கடைசிவரை. நடுவில் விட்டுவிட்டு வந்தால் டீமுக்கு வேறு கேட்சர் கிடையாது. கேட்ட உடனே சொன்ன வார்த்தை, ஜலஜா. முதல் ஆட்டம் இன்று காலை நடந்தது. எட்டுக்கு ஐந்து, நாங்கள் ஜெயித்தோம். ஒரு பந்தும் என்னைத் தாண்டிப் போகவில்லை. எல்லோரும் முதுகில் தட்டினார்கள்.

சுஐபு அண்ணனிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. அவர் இன்னொரு தடவை கேட்டால் யோசிக்கலாம்.

நீங்கள் இருவரும் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதவும். டிக்கெட்டுக்கு டிராஃப்ட் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உமாபதி

*

தேரா, துபாய்
17.4.1979

அத்தானுக்கு,

டிராஃப்ட் கிடைத்தது. வியாழக்கிழமை விமானம். பம்பாயில் ஒரு நாள் தங்கி, மெட்ராஸ் போய், அங்கிருந்து ரயில். திருச்சி ஸ்டேஷனுக்கு முத்துராமன் அண்ணன் வருவதாகத் தந்தி கொடுத்திருக்கிறார். நீலாவின் பள்ளிக்கூட டி.சி. வாங்கிவிட்டேன். அவள் முதல் ராங்க். அண்ணன் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கும் ஒரு டீச்சர் வேலை இருக்கிறதாம். ஜூனில் சேரச் சொல்லி எழுதியிருந்தார்கள். உடனே சரி என்று பதில் போட்டுவிட்டேன்.

கட்டில், பீரோ, சோபா எல்லாவற்றையும் சந்திரகலா வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் சட்டைகளையும் சர்டிபிகேட்டுகளையும் ஒரு பெட்டியில் கட்டி அவர்கள் வீட்டிலேயே வைத்திருக்கிறேன். யான்பு போகிற ஆள் யாராவது கிடைத்தால் கொடுத்து அனுப்புவார்கள். சாமி படங்களை நான் ஊருக்குக் கொண்டுபோகிறேன்.

லீவில் திருச்சிக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டி அண்ணனுக்கு எழுதிவிட்டு வாருங்கள். அவர்கள் வீடு, சொல்லாமல் வந்தால் சரியாக இருக்காது.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தது சந்தோஷம். நீலாவிடம் சொன்னேன். ஓ.கே. என்றாள்.

சுஐபு அண்ணன் கடைக்கு நேற்றுத்தான் போனேன். நீங்கள் எழுதியபடியே சொன்னேன். "அவங்களுக்கு இப்ப வேண்டாமாம்ண்ணே" என்றேன். "சரிம்மா, நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு டீ வரவழைத்தார். டீயைக் குடித்து முடிக்கிறவரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் நம் பக்கத்து மனிதர், கையைத் தள்ளிவிட்டுப் பரிமாறத் தெரிந்தவர். விமானம் எத்தனை மணிக்கு, சாமான் எவ்வளவு, டாக்சி வேண்டுமா என்றெல்லாம் கேட்டார். வேலையைப் பற்றி இன்னொரு தடவை கேட்கவில்லை.

நானும் உங்களை இன்னொரு தடவை கேட்கவில்லை.

ஜலஜா